உனக்கு எப்படித் தெரியும்?

(மதுரையில் சமூகப்பணி, உளவியல் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகப்படுத்தும்போது அவைத் தலைவர் மூன்று முறை ‘டாக்டர்’ என்றார். இந்தப் பட்டத்துக்கு எங்கள் ஊரில் கிடைத்த வரவேற்பு வேறு மாதிரி. படிப்பை முடித்துத் திரும்பிய வருஷம், வத்தலக்குண்டுப் பக்கம் உறவில் ஒரு காதுகுத்து. பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருகிறேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பெரியப்பா கேட்டார்: “ஏம்மா, நீ சேத்து வைக்கிற டாக்டரா, பிரிச்சு வைக்கிற டாக்டரா?” பந்தலே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு நகரப் பார்த்தேன். அவர் விடவில்லை. “புருசன் பொண்டாட்டி சண்டையத் தீக்குறதுக்கு அமெரிக்கா போயி ஆறு வருசம் படிக்கணுமாக்கும்? நான் நாப்பது வருசமா இந்தத் திண்ணையில உக்காந்து தீத்துக்கிட்டு இருக்கேன்.”

அவர் சொன்னது பொய்யில்லை. சின்ன வயதில் அந்தத் திண்ணையில் நடந்த சமாதானங்களைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தவள் நான். இரண்டு தரப்பும் வந்து உட்காரும். முதலில் காபி வரும். காபி குடித்து முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அது அவர் வைத்த சட்டம். பிறகு மாப்பிள்ளை வீட்டார் பேசுவார்கள், அதன்பின் பெண் வீட்டார். கடைசியில் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பெரியப்பா, “நீதாம்மா கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போகணும்” என்பார். கூட்டம் கலைந்துவிடும்.

அன்றைக்குப் பந்தலில் பதிலுக்கு நான் ஒன்றுதான் கேட்டேன். “நீங்க சேத்து வச்ச குடும்பமெல்லாம் இப்ப எப்படி இருக்கு பெரியப்பா?” கொஞ்சமும் யோசிக்காமல் பதில் வந்தது. “நல்லாத்தான் இருப்பாங்க. ஒருத்தரும் திரும்பி வரலையே!”

மாணவ நண்பர்களே, இந்த ஒரு மணி நேரமும் நான் பேசப்போவது அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். திரும்பி வரவில்லை, அதனால் நல்லாயிருக்கிறார்கள். இதே கணக்கை நானும் போட்டிருக்கிறேன். வெளிநாடு போவதற்கு முன்னால் ஒரு மாவட்டத்தில் குடும்பநல நீதிமன்றத்தோடு சேர்ந்து ஆலோசகராக வேலை பார்த்தேன். 1984-ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டம், வழக்கை நடத்துவதற்கு முன் சமரசத்துக்கு முயல வேண்டும் என்கிறது. அதற்கு ஆலோசகர்களை வைத்துக்கொள்ளவும் வழி செய்கிறது. ஒரு தம்பதி மூன்று அமர்வுக்கு வருவார்கள், நான்காவதற்கு வரமாட்டார்கள். ‘சமரசமாகியிருக்கும்’ என்று நினைத்துக்கொண்டு அடுத்த கோப்பைக் கையில் எடுப்பேன். அவர்கள் சேர்ந்து வாழ்ந்தார்களா, அந்தப் பெண் அலுத்துப்போய் வழக்கையே கைவிட்டாளா, பஸ்ஸுக்குக் காசில்லாமல் நின்றுபோனாளா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

திருமண, குடும்ப சிகிச்சையில் முனைவர் படிப்பு என்பதை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இப்படிச் சொல்வேன்: ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்கு முன்னால் நாலைந்து வருஷம் உட்கார்ந்திருப்பது.

இந்தத் துறை தொழிலாக உருவானது பெரும்பாலும் அமெரிக்காவில். அதன் தொடக்கத்தில் இரண்டு பேரை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவர் பால் போப்பனோ. இளமையில் கலிபோர்னியாவில் பேரீச்சைத் தோட்டத் தொழில் பார்த்தவர். நல்ல ரகக் கன்றுகளைத் தேடி அரபு நாடுகளெல்லாம் சுற்றியவர். செடிகளில் நல்ல ரகம், மட்ட ரகம் பிரித்த மனுஷர் பிறகு மனிதர்களையும் அப்படிப் பிரிக்க ஆரம்பித்தார். தகுதியுள்ளவர்கள் மட்டும் பெருக வேண்டும், மற்றவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய வேண்டும் என்ற யூஜெனிக்ஸ் கொள்கையின் முக்கியப் பிரசாரகர் ஆனார். 1930-இல் லாஸ் ஏஞ்சலஸில் திருமண ஆலோசனை நிலையம் திறந்தார். 1953 முதல் ஒரு பெண்கள் பத்திரிகையில் ‘இந்தத் திருமணத்தைக் காப்பாற்ற முடியுமா?’ என்ற தொடர் அவருடைய நிலையத்தின் பெயரைச் சொல்லி வந்தது. அமெரிக்க வீடுகளில் பெயர் பெற்ற தொடர் அது. எல்லோரும் அவரை ‘டாக்டர் போப்பனோ’ என்றார்கள். அந்த டாக்டர் பட்டம் 1929-இல் ஒரு கல்லூரி கொடுத்த கௌரவப் பட்டம். உளவியலிலோ சமூகவியலிலோ அவர் ஆய்வு செய்து வாங்கியது அல்ல.

இன்னொருவர் எமிலி மட் என்ற பெண்மணி. 1932-இல் பிலடெல்பியாவில் திருமண ஆலோசனை மன்றத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். வருகிறவர்கள் என்ன சொன்னார்கள், என்ன செய்தோம், பிறகு என்ன ஆயிற்று என்று பதிவு வைப்பதில் அக்கறை காட்டியவர். பல வருஷம் நிலையத்தை நடத்திய பிறகு, ஐம்பது வயது தாண்டி, 1950-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். புகழ் அப்போதே அவருக்கு இருந்தது. தான் செய்வது சரிதானா என்று பார்க்கும் முறை அவருக்குத் தேவைப்பட்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். நீங்கள் எந்த ‘டாக்டர்’ ஆகப் போகிறீர்கள் என்பதை இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

துறையின் இன்னொரு ஊற்று மனநல மருத்துவமனைகளிலிருந்து வந்தது. 1954-இல் மர்ரே போவன் என்ற மனநல மருத்துவர், வாஷிங்டனுக்குப் பக்கத்தில் பெதெஸ்டாவிலுள்ள தேசிய மனநலக் கழகத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனச்சிதைவு வந்த பிள்ளைகளோடு அவர்களுடைய தாய்மார்களையும் வார்டில் தங்க வைத்தார். பிறகு தகப்பன், கூடப் பிறந்தவர்கள் என்று குடும்பங்களே வந்து குடியிருந்தன. 1956-இல் கிரெகரி பேட்சன் என்ற மானிடவியலாளரும் அவருடைய நண்பர்களும், மனச்சிதைவுக்கும் குடும்பத்தில் பேசும் முறைக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். வாய் ‘வா’ என்கிறது, முகம் ‘போ’ என்கிறது. பிள்ளை எதைக் கேட்பது? இப்படி எதைச் செய்தாலும் தப்பாகும் நிலையிலேயே வளர்கிற பிள்ளைக்குப் புத்தி பேதலிக்கும் என்றார்கள். வாசித்தவர்கள் மயங்கிப் போனார்கள். அதற்கும் முன்னால், 1948-இலேயே, ‘மனச்சிதைவை உண்டாக்கும் தாய்’ என்று ஒரு சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது.

இதற்குள் இருந்த கொடுமையை நினைத்துப் பாருங்கள். மகனுக்கு நோய் வந்து உருக்குலைந்து நிற்கிற ஒரு தாயிடம், படித்த மருத்துவர் ஒருவர் ‘இதற்கு நீதான் காரணம்’ என்கிறார். எத்தனை தாய்மார் அதைச் சுமந்தபடியே செத்துப் போயிருப்பார்கள்! கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்லவில்லை. அழகான கோட்பாடு, கூர்மையான கவனிப்பு எல்லாம் இருந்தன. ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று அழுத்திக் கேட்க ஆள்தான் போதவில்லை.

அப்படிக் கேட்ட ஒருவர் லண்டனில் இருந்த ஜார்ஜ் பிரவுன். 1950-களில், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போனவர்களில் யாருக்கு நோய் திரும்புகிறது என்று பின்தொடர்ந்து போய்ப் பார்த்தார். கவனியுங்கள், திரும்பி வராதவர்களையும் தேடிப் போய்ப் பார்த்தார். பெற்றோரிடமோ துணையிடமோ திரும்பியவர்களில் சிலருக்கு, தனியறையில் வாடகைக்குத் தங்கியவர்களைவிட நிலைமை மோசமாக இருந்தது. ஏன்? பிரவுனும் அவருடைய குழுவினரும் குடும்பத்தார் பேசுவதைப் பதிவு செய்து, குறை சொல்வது, வெறுப்பு காட்டுவது, அளவு மீறி உருகிப் பொத்திப் பொத்தி வைப்பது என்று வகை பிரித்து அளந்தார்கள். இவை அதிகமுள்ள வீட்டில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். நோயை வீடு உண்டாக்குகிறது என்று அவர்கள் சொல்லவில்லை. நோய் திரும்புவதில் வீட்டுக்குப் பங்கு உண்டு என்றார்கள். முந்தைய வாக்கியம் தாயைக் குற்றவாளி ஆக்குகிறது. பிந்தையது அவளைச் சிகிச்சையில் பங்காளி ஆக்குகிறது. 1982-இல் ஜூலியன் லெஃப் குழுவினர் மருந்தோடு குடும்பத்துக்கும் உதவி கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு சிறியதுதான். ஒன்பது மாதத்தில், உதவி கிடைக்காத குடும்பங்களில் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. உதவி கிடைத்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் திரும்பியது. ஆய்வு என்பது நூலகத்து அலமாரிக்கான சரக்கு என்று நினைப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டும்.

இனி படிப்பு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். அமெரிக்காவில் குடும்ப சிகிச்சையாளராகத் தொழில் செய்ய மாநில அரசின் உரிமம் வேண்டும். கலிபோர்னியா 1963-இல் தொடங்கிவைத்தது. 2009-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இந்த உரிமம் வந்துவிட்டது. 2024 ஜனவரி முதல், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரும் இவர்களுக்குக் கட்டணம் தருகிறது. முக்கியமான செய்தி இதுதான்: அந்த உரிமத்துக்கு முதுகலைப் பட்டமே போதும். முதுகலை முடித்து, மேற்பார்வையில் குறிப்பிட்ட காலம் வேலை செய்து, தேர்வு எழுதினால் உரிமம் கைக்கு வரும். ஆகவே, குடும்பங்களைப் பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால் முனைவர் பட்டம் தேவையில்லை. இதைச் சொல்லாமல் உங்களை விண்ணப்பிக்கச் சொன்னால் நான் ஏமாற்றுக்காரி.

அப்படியானால் முனைவர் பட்டம் யாருக்கு? கற்பிக்க, மற்ற சிகிச்சையாளர்களை மேற்பார்வையிட, ஆய்வு செய்ய விரும்புகிறவர்களுக்கு. அதிலும் இரண்டு வகை உண்டு. ஆய்வை மையமாகக் கொண்ட பிஎச்.டி. ஒன்று, நடைமுறையையும் நிர்வாகத்தையும் மையமாகக் கொண்ட டி.எம்.எஃப்.டி. மற்றொன்று. வர்ஜீனியா டெக், டெக்சாஸ் டெக், சிரக்யூஸ், லோமா லிண்டா போன்ற பல்கலைக்கழகங்கள் இந்தத் துறையில் முனைவர்களை உருவாக்கியவை. கிழக்குக் கரோலைனா பல்கலைக்கழகத்தில் மருத்துவக் குடும்ப சிகிச்சை என்றே ஒரு பிஎச்.டி. தொடங்கினார்கள். சர்க்கரை நோய், புற்றுநோய் என்று உடம்புக்கு வரும் நோயை ஒரு குடும்பம் எப்படித் தாங்குகிறது என்பதே அங்கே பாடம்.

முதுகலையில் பயிற்சி என்பது மணிக்கணக்கு. மொத்தம் 500 மணி நேரம், அதில் பாதி தம்பதியரோடும் குடும்பத்தோடும். கூடவே 100 மணி நேர மேற்பார்வை. நெடுநாள் வழங்கிய கணக்கு இது. இப்போது விதிகள் மாறியிருக்கின்றன. இந்த மணிகளை எங்கே கழிக்கிறோம் என்று சொன்னால்தான் உங்களுக்கு அந்தப் படிப்பின் ருசி தெரியும்.

ஓர் அறை. நாலு நாற்காலி, ஒரு விளக்கு, காகிதக் கைக்குட்டைப் பெட்டி. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. நமக்கு நம் முகம்தான் தெரியும். பின்னாலிருக்கும் இருட்டறையிலிருந்து பேராசிரியரும் நாலு மாணவர்களும் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வருகிற குடும்பத்துக்கும் இது தெரியும். சம்மதக் கையெழுத்து வாங்கித்தான் நடக்கும். நடுவில் மேஜை மேலிருக்கும் தொலைபேசி மணி அடிக்கும். எடுத்தால் அந்தப் பக்கத்திலிருந்து மேற்பார்வையாளர்: “அந்தப் பையன் மூன்று நிமிஷமாக வாய் திறக்கப் பார்க்கிறான், நீ கவனிக்கவில்லை.” வைத்துவிடுவார்.

முனைவர் படிப்பின் முதல் வருஷம் ஒரு தம்பதியைப் பார்த்துவிட்டுப் பெருமையோடு வெளியே வந்தேன். ஐம்பது நிமிஷமும் அமைதி, இருவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். “நன்றாகப் போயிற்று” என்றேன். மேற்பார்வையாளர் கேட்டார்: “உனக்கு எப்படித் தெரியும்?” ஒளிப்பதிவைக் கையில் கொடுத்து, யார் யாரை எத்தனை முறை இடைமறிக்கிறார்கள் என்று மட்டும் எண்ணிக்கொண்டு வரச் சொன்னார். ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன். கணவரை நான் ஒரு தடவை இடைமறித்திருந்தேன். மனைவியை ஏழு தடவை. ஏழாவது தடவை நான் அவளிடம் சொன்ன வாக்கியத்தைக் கேட்டபோது உள்ளங்கை வியர்த்துவிட்டது. நாகரிகமான ஆங்கிலத்தில், நல்ல உச்சரிப்போடு நான் சொன்னதன் சாரம்: நீதாம்மா கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போகணும்.

பத்தாயிரம் மைல் தாண்டிப் போய் அந்தக் கண்ணாடி அறையில் பெரியப்பாதான் உட்கார்ந்திருந்தார். அன்று ராத்திரிதான் எனக்குப் படிப்பு தொடங்கியது என்று சொல்வேன்.

கண்ணாடியைப் பற்றி இன்னொன்று. 1985-இல் நார்வே நாட்டின் வடகோடியில் டிராம்ஸோ என்ற ஊரில் டாம் ஆண்டர்சன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் ஒரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த சிகிச்சையாளரைத் திரும்பத் திரும்ப வெளியே அழைத்து யோசனை சொல்லியும் பேச்சு நகரவில்லை. ஒரு கட்டத்தில், நாங்கள் பேசுவதை நீங்கள் கேட்கிறீர்களா என்று குடும்பத்திடமே கேட்டு, விளக்கையும் ஒலிபெருக்கியையும் மாற்றிப் போட்டார்கள். இருட்டறை வெளிச்சமானது, குடும்பம் இருட்டில் உட்கார்ந்து, மருத்துவர்கள் தங்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டது. ஒருவரைப் பற்றி அவர் காதுபடப் பேசும்போது மருத்துவர்களின் பேச்சே மாறிவிட்டது, மரியாதை தானாக வந்து சேர்ந்தது. ஒரு சுவிட்சை மாற்றியதில் ஒரு சிகிச்சை முறையே பிறந்தது. மேற்பார்வை செய்யக் கற்பதும் முனைவர் படிப்பின் பெரிய பங்கு. நீங்கள் ஒரு மாணவரை மேற்பார்வை செய்வீர்கள், அதை இன்னொருவர் மேற்பார்வை செய்வார். கண்ணாடிக்குப் பின்னால் கண்ணாடி.

அடுத்தது, மாணவர்கள் பயப்படும் புள்ளியியல். பயம் வேண்டாம், விஷயம் வீட்டு விஷயம்தான். நூறு பேரிடம் கேட்டால் நூறு தனிப் பதில் என்பது வழக்கமான கணக்கு. ஐம்பது கணவன், ஐம்பது மனைவியிடம் கேட்டால் அந்தக் கணக்கு செல்லாது. ஒரு வீட்டில் அவள் தூங்காத ராத்திரி அவன் மறுநாள் கோபத்தில் தெரியும். இருவருடைய பதிலும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டவை. அவளுடைய மனநிலை அவளை எவ்வளவு பாதிக்கிறது, அவனை எவ்வளவு பாதிக்கிறது என்று பிரித்துப் பார்க்க டேவிட் கென்னி போன்றவர்கள் வகுத்த முறைகள் இருக்கின்றன. அவற்றைக் கற்கும்போது, மாமியார் மருமகள் சண்டையில் நம் பாட்டிமார் வாயால் சொன்னதைத்தான் சமன்பாட்டில் எழுதுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

சமன்பாடு கைவந்த பிறகும் தமிழ் மாணவருக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. கிரகாம் ஸ்பேனியர் 1976-இல் வெளியிட்ட தம்பதி இணக்க அளவுகோல் இந்தத் துறையில் மிகப் பரவலானது. 32 கேள்வி, 151 வரை மதிப்பெண். நம் ஊர்ப் பெண்மணியிடம் “உங்கள் திருமண வாழ்க்கை எவ்வளவு மகிழ்ச்சியானது?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிஷம் உங்களைப் பார்ப்பார். பிறகு, “ஏதோ போகுது” என்பார். இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்? அந்த ‘ஏதோ போகுது’ சில வாயில் நிறைவு, கண் படக் கூடாதே என்ற அடக்கம். சில வாயில் தாங்க முடியாத துக்கம். தொனியும் முகமும் தெரிந்த ஆள்தான் பிரித்துச் சொல்ல முடியும். 1987-இல் வெளியான சண்டிகர் ஆய்வு ஒன்றில் விக், லெஃப் முதலிய ஆய்வாளர்கள், லண்டனில் பிரவுன் குழு உருவாக்கிய அந்தக் குடும்ப உணர்ச்சி அளவீட்டை இந்திக்குக் கொண்டுவரும்போது இப்படிப்பட்ட கேள்விகளை எதிர்கொண்டார்கள். லண்டனைவிடச் சண்டிகர்க் குடும்பங்களில் குறை சொல்வது குறைவு என்ற முடிவு வந்தது. தமிழ்க் குடும்பப் பேச்சுக்கு இந்த வேலை இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.

கோட்பாட்டிலும் அப்படித்தான். முதல் பருவத்தில் எல்லோரும் தங்கள் குடும்ப வரைபடத்தை வரைய வேண்டும், ஜீனோகிராம் என்பார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மூன்று தலைமுறை. நான் வரைந்தேன். என் அம்மாவும் அப்பாவும் முறைப்பிள்ளைகள். அத்தை மகன், மாமன் மகள். சித்திக்குத் தாய்மாமனோடு கல்யாணம். கோடுகள் மரம்போல விரியாமல் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்து முடிச்சுப் போட்டுக்கொண்டன. பேராசிரியர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “ரொம்பவும் ஒட்டிக்கொண்ட குடும்பமோ?” என்றார். அந்தத் துறையில் அது நோய்க்குறி மாதிரியான சொல். சால்வடோர் மினுச்சின் நியூயார்க்கின் ஏழைக் குடும்பங்களோடு வேலை செய்து, குடும்பத்துக்குள் எல்லைக்கோடுகள் பற்றி அருமையாக எழுதியவர். போவன் ‘சுயம் தனித்து நிற்பது’ பற்றிப் பேசியவர். இருவருமே பெரிய மேதைகள். ஆனால் மாமனாரையும் தாய்மாமனையும் ‘மாமா’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிற வீட்டில், அந்த இருவரும் ஒரே மனிதராகவே இருக்கிற வீட்டில், எல்லைக்கோட்டை எங்கே போடுவது? இங்கே ஒரு தம்பதி பிரிந்தால் அண்ணன் தங்கை உறவும் அறுந்து போகும். அப்பாவோடு பிறந்தவள் அடுத்த பொங்கலுக்கு வாசல்படி ஏற மாட்டாள்.

இதை மானிடவியலாளர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோன் 1949-50-இல் இந்த மதுரை வட்டாரத்திலேயே பிரமலைக் கள்ளர் மக்களிடையே தங்கி, நம் உறவுமுறையை ஆராய்ந்தார். மார்கரெட் டிராவிக் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு தமிழ்க் குடும்பத்தோடு வாழ்ந்து, அங்கே அன்பு எப்படி வெளிப்படுகிறது, எப்படி மறைக்கப்படுகிறது என்பதையே 1990-இல் முழுப் புத்தகமாக எழுதினார். குடும்பத்துக்குச் சிகிச்சை செய்ய வருகிற நாம் இன்னும் அந்த அளவு நெருங்கிப் பார்க்கவில்லை.

காசைப் பற்றிப் பேசாமல் முடித்தால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். முதுகலைக்குப் பிறகு முனைவர் படிப்பு நாலைந்து வருஷம். கல்விக் கட்டணம் தள்ளுபடியும், ஆசிரியர் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் வேலைக்கு மாதச் சம்பளமும் தரும் இடங்கள் உண்டு. அப்படி இல்லாத இடத்துக்கு வீட்டை அடகு வைத்துப் போகாதீர்கள். விண்ணப்பிக்கும் முன் ஐந்து விஷயம் கேளுங்கள்: துறையின் அங்கீகாரக் குழு இந்தப் படிப்பை ஏற்றிருக்கிறதா, சொந்தமாகச் சிகிச்சை நிலையம் இருக்கிறதா, உங்கள் கேள்வியில் ஆர்வமுள்ள பேராசிரியர் ஒருவராவது இருக்கிறாரா, எத்தனை பேர் உதவித்தொகையோடு படிக்கிறார்கள், படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள். நேராக மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். அங்கே அது மரியாதைக் குறைவு ஆகாது. வேறொரு செலவும் உண்டு. தம்பதியர் சண்டை பற்றி நான் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த வருஷங்களில்தான் எங்கள் வீட்டில் அதிகம் சண்டை. பக்கத்து அறையில் கணவர் பசியோடு இருக்க, நான் ‘கவனிக்கும் திறன்’ பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

அமெரிக்கா போகாவிட்டால் வழி இல்லையா என்றால், இருக்கிறது. இந்தியாவில் குடும்ப சிகிச்சையாளர் என்று தனி உரிமம் கிடையாது. சமூகப்பணி, உளவியல், மனநலச் சமூகப்பணி ஆகிய துறைகளில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டு, குடும்பத்தை ஆய்வுப் பொருளாக எடுக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் குடும்ப மனநலத்துக்குத் தனிப் பிரிவே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஒன்றை மறந்துவிடாதீர்கள். போவன் பெதெஸ்டாவில் குடும்பங்களைக் குடியமர்த்திய அதே 1950-களில், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினர்களை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் ஆரம்ப காலத்திலிருந்தே உறவினர் உடன் தங்குவதுதான் வழக்கம். பெதெஸ்டாவில் குடும்பம் ஆய்வுப் பொருளாக வந்து தங்கியது. இங்கே நோயாளிக்குத் துணையாக வந்து தங்கியது. அங்கே அந்த அனுபவம் கோட்பாடாகி, புத்தகமாகி, உலகமெல்லாம் பாடமானது. இங்கே செய்தவர்கள் அருமையாகச் செய்தார்கள், எழுதிவைத்தது குறைவு. பெதெஸ்டாவைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்காகக் கேட்ட எனக்கு, அமிர்தசரஸ் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை.

பெரியப்பாவிடம் திரும்பி வருகிறேன். அவரை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். காபி குடித்து முடிக்கும்வரை பேசக் கூடாது என்று அவர் வைத்த சட்டத்தை இன்றைக்கும் என் அறையில் கடைப்பிடிக்கிறேன். கொதிக்கிற மனசு ஆறுவதற்கு அந்தப் பத்து நிமிஷம் உதவும் என்பது அவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தராத அறிவு. அவரிடம் இல்லாதது ஒன்றுதான்: திரும்பி வராதவர்களைப் போய்ப் பார்க்கும் வழக்கம்.

உங்களில் பலர் இந்த வருஷமே களப்பணிக்குப் போகிறீர்கள். மகளிர் காவல் நிலையத்திலோ, நீதிமன்றத்திலோ, மருத்துவமனையிலோ ஒரு தம்பதியைச் சமாதானம் செய்து அனுப்புவீர்கள். அவர்கள் சம்மதத்தோடு முகவரியைக் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் போய், “எப்படி இருக்கீங்க?” என்று இருவரையும் தனித்தனியே கேளுங்கள். ‘ஏதோ போகுது’ என்றால், என்ன போகிறது, எங்கே போகிறது என்று அவர்கள் சொல்கிற சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டுப் புத்தகம் நிறைந்த பிறகு முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பம் போடுங்கள்.